சானியாவுக்கு ஓர் ஊர் இருந்தது

2003 பிப்ரவரியில் ஹைதராபாத்தில் முதல் முறையாக, பெண்கள் டென்னிஸின் உயர்மட்டச் சுற்றான டபிள்யூ.டி.ஏ.வின் போட்டி ஒன்று நடந்தது. உள்ளூர்ப் பெண் என்பதால் 16 வயது சானியா மிர்சாவுக்கு ‘வைல்டு கார்டு’ கொடுத்தார்கள். தரவரிசை போதாதவர்களுக்குப் போட்டியை நடத்துபவர்கள் தம் விருப்பப்படி தரும் இடம் அது. முதல் சுற்றிலேயே ஆஸ்திரேலியாவின் ஈவி டொமினிகோவிச்சிடம் தோற்று வீட்டுக்குப் போனார். அடுத்த ஆண்டும் அதே ஊர், அதே முதல் சுற்றுத் தோல்வி. ஆனால், அந்த முறை இரட்டையரில் லீசல் ஹூபருடன் சேர்ந்து கோப்பையைத் தூக்கினார். 2005-ல் இறுதியாட்டத்தில் உக்ரைனின் அலியோனா பொண்டரென்கோவை 6-4, 5-7, 6-3 என்று வென்று, டபிள்யூ.டி.ஏ. ஒற்றையர் பட்டம் பெற்ற முதல் இந்தியப் பெண் ஆனார். அப்போது அவருக்கு வயது 18.

இந்தக் கதையில் நாம் மூன்றாவது வருடத்தை மட்டும்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறோம். முதல் இரண்டு வருடங்கள்தான் முக்கியம் என்பேன். ஒரு பள்ளி மாணவி பேருந்தில் போய்வரக்கூடிய தூரத்தில் உலகத் தரத்து ஆட்டக்காரர்களைச் சந்தித்துத் தோற்கிறாள். மறு வருடம் வந்து மறுபடி தோற்கிறாள். அதற்காக யாரும் அவளைக் கழற்றிவிடவில்லை. விமான டிக்கெட் இல்லை, விசா இல்லை, ஹோட்டல் வாடகை இல்லை. தோற்பதற்கு இவ்வளவு மலிவான இடம் இந்தியாவில் வேறு எந்த டென்னிஸ் சிறுமிக்கும் அதற்கு முன் கிடைத்ததில்லை.

கோயம்புத்தூரில் பிறந்த நிருபமா வைத்தியநாதனுக்கு அது கிடைக்கவில்லை. 1998 ஆஸ்திரேலிய ஓப்பனில் இத்தாலியின் குளோரியா பிட்சிகினியைத் தோற்கடித்து, ஓப்பன் யுகத்தில் கிராண்ட்ஸ்லாம் ஒற்றையர் பிரிவில் ஓர் ஆட்டத்தை வென்ற முதல் இந்தியப் பெண் ஆனவர் அவர். அதே ஆண்டு பாங்காக் ஆசிய விளையாட்டுப் போட்டியில் மகேஷ் பூபதியுடன் கலப்பு இரட்டையரில் வெண்கலம். அவர் எட்டிய உயர்ந்த தரவரிசை 134. தமிழ்நாட்டில் இன்று எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும்? ‘தி மூன்பாலர்’ என்று தன் வாழ்க்கையை 2013-ல் அவரே புத்தகமாக எழுதாதிருந்தால் அதுவும் குறைந்திருக்கும். சானியாவைவிட நிருபமாவுக்குத் திறமை குறைவு என்று வாதிடலாம், வாதிடாமலும் இருக்கலாம். அவர் உச்சத்தில் இருந்த காலத்தில் இந்தியாவில் பெண்களுக்கென்று ஒரு டபிள்யூ.டி.ஏ. போட்டிகூட இல்லை என்பதில் வாதத்துக்கு இடமில்லை.

பெண்கள் டென்னிஸில் ஏணி எப்படிச் சாய்த்து வைக்கப்பட்டிருக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிட வேண்டும். கிராண்ட்ஸ்லாம் ஒற்றையரில் 128 இடங்கள். தரவரிசையில் முதல் நூற்றுச் சொச்சம் பேர் நேரே நுழைகிறார்கள், தகுதிச் சுற்றிலிருந்து 16 பேர், வைல்டு கார்டில் 8 பேர். 2025 அமெரிக்க ஓப்பனில் முதல் சுற்றில் தோற்றவருக்கே 1,10,000 டாலர் கிடைத்தது. அதாவது, உலகின் 100-வது ஆட்டக்காரர் வருடத்தில் நான்கு முறை தோற்றாலே ஒரு பயிற்சியாளரையும் ஒரு பிசியோவையும் வைத்துக்கொள்ளலாம்.

அடித்தட்டு வேறு உலகம். சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பு நடத்தும் டபிள்யூ15 போட்டியில் மொத்தப் பரிசுத் தொகையே 15,000 டாலர்தான். முதல் சுற்றில் தோற்றவர் கையில் வருவது ஏறக்குறைய 150 டாலர். பட்டம் வென்றால் 15 தரவரிசைப் புள்ளிகள்; டபிள்யூ35 போட்டியில் வென்றால் 35 புள்ளிகள். கிராண்ட்ஸ்லாம் வென்றவருக்கு 2,000. இந்தச் சில்லறைப் புள்ளிகளைப் பொறுக்கிச் சேர்க்க, ஒரு வாரம் துனிசியா, மறு வாரம் துருக்கி என்று அலைய வேண்டும். பெரும்பாலும் பயிற்சியாளர் கூட வருவதில்லை, அவருக்கும் டிக்கெட் எடுக்கக் காசில்லை என்பதால். போட்டிக்கு நடுவே ராக்கெட் நரம்பு அறுந்தால் மறுபடி கட்ட ஒரு கட்டணம். அதை மிச்சப்படுத்த, அறுந்துவிடாதபடி அளந்து அடிப்பவர்களும் உண்டு. சேர்த்த புள்ளிகளும் 52 வாரங்களில் காலாவதி ஆகிவிடும். ஆறு மாதம் காயத்தில் படுத்தால் ஏறிய படிகளில் பாதி காணாமல் போகும்.

தரவரிசையில் 600-க்கும் 150-க்கும் நடுவே உள்ள இந்த வெளியில்தான் இந்தியப் பெண்கள் காணாமல் போகிறார்கள். அங்கிதா ரெய்னா எட்டிய உச்சம் 160. கர்மன் கவுர் தாண்டி 196. இருவரும் வருடக்கணக்கில் அந்த வெளியிலேயே ஆடி உழைத்தவர்கள். ஒற்றையரில் முதல் நூறுக்குள் நுழைந்த இந்தியப் பெண் இன்றுவரை சானியா ஒருவர்தான்.

சானியா அந்த வெளியைத் தாவிக் கடந்த வேகம் அசாதாரணமானது. 2004 முடிவில் 200-க்கு வெளியே இருந்தவர், 2005 ஜனவரியில் வைல்டு கார்டில் ஆஸ்திரேலிய ஓப்பனுக்குள் வந்து, இரண்டு சுற்றுகளை வென்று, மூன்றாம் சுற்றில் செரீனா வில்லியம்ஸிடம் 1-6, 4-6 என்று தோற்றார். பிப்ரவரியில் ஹைதராபாத் பட்டம். மார்ச்சில் துபாயில், அப்போதைய அமெரிக்க ஓப்பன் சாம்பியன் ஸ்வெத்லானா குஸ்நெத்சோவாவை 6-4, 6-2 என்று நேர் செட்டில் வீழ்த்தினார். செப்டம்பரில் அமெரிக்க ஓப்பன் நான்காம் சுற்றில் மரியா ஷரபோவா வந்து நிறுத்தும்வரை ஓட்டம் நிற்கவில்லை. 2007 ஆகஸ்டில் 27-ம் இடம்.

அவ்வளவுதான் ஒற்றையர் வாழ்க்கை. அதற்குமேல் உடம்பு ஒத்துழைக்கவில்லை. சானியாவின் ஃபோர்ஹேண்ட் அவருடைய சொத்து. மணிக்கட்டைச் சொடுக்கி அடிக்கும் அடி. அந்தச் சொடுக்குதான் மணிக்கட்டைத் தின்றது. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கின் முதல் சுற்றிலேயே வலி தாங்காமல் பாதி ஆட்டத்தில் விலகினார். பிறகு அறுவைச் சிகிச்சை. முழங்கால்களையும் சேர்த்தால் அவர் உடம்பில் நடந்தவை மூன்று. 2012-க்குப் பிறகு ஒற்றையர் ஆடவில்லை.

இங்கேதான் நம் ரசிகர்களின் கணக்கு பிசகுகிறது. ‘ஒற்றையரில் முடியாமல் இரட்டையருக்குப் போனவர்’ என்று இன்றும் டீக்கடை முதல் தொலைக்காட்சி வரை பேசுகிறார்கள். ஓய்வுபெற்ற பேராசிரியருக்குத் தரும் மரியாதை மாதிரி ஒரு மரியாதையை ‘இரட்டையர் ராணி’ என்ற பட்டத்தில் வைத்துக் கொடுக்கிறார்கள். லியாண்டர் பயஸையும் மகேஷ் பூபதியையும் பற்றி அப்படி யாரும் பேசியதாக நினைவில்லை. அவர்களும் இரட்டையரில்தானே கோப்பைகளைக் குவித்தார்கள்?

2015 விம்பிள்டன் பெண்கள் இரட்டையர் இறுதியாட்டத்தைப் பார்த்தவர்களுக்கு இந்தச் சந்தேகம் இருக்காது. ஒரு பக்கம் சானியாவும் மார்ட்டினா ஹிங்கிஸும். எதிரே ரஷ்யாவின் எகத்தெரினா மகரோவா, எலினா வெஸ்னினா. முதல் செட்டை ரஷ்யர்கள் 7-5 என்று எடுத்துவிட்டார்கள். இரண்டாவது செட் டை-பிரேக்கரில் சானியா ஜோடிக்கு வந்தது. மூன்றாவது செட்டில் 2-5. இன்னும் ஒரு கேம் போனால் கதை முடிந்தது. அங்கிருந்து ஒரு கேம், அடுத்தது, அதற்கடுத்தது என்று எடுத்து 5-5 ஆக்கினார்கள். அந்த நேரத்தில் இருட்டிக்கொண்டு வர, ஆட்டத்தை நிறுத்தி, சென்டர் கோர்ட்டின் கூரையை மூடி விளக்கைப் போட்டார்கள். இதுபோன்ற இடைவெளியில் பதற்றம் உள்ளே இறங்கிக் கையைக் கட்டிப்போடும் என்பார்கள். திரும்பி வந்து ஆடியது இரண்டே கேம்; இரண்டும் சானியா ஜோடிக்கு. 5-7, 7-6, 7-5. பின்கோட்டிலிருந்து சானியா அடித்த ஃபோர்ஹேண்டில் எதிராளிகள் தடுமாற, பந்து எங்கே வரும் என்று முன்கூட்டியே தெரிந்தவர்போல வலையருகே ஹிங்கிஸ் நின்றார். ஒருவர் இல்லாமல் மற்றவரின் ஆட்டம் பாதிதான். விம்பிள்டன் பெண்கள் இரட்டையர் பட்டத்தை வென்ற முதல் இந்தியப் பெண் ஆனார் சானியா.

அதே ஆண்டு அமெரிக்க ஓப்பன், 2016 தொடக்கத்தில் ஆஸ்திரேலிய ஓப்பன். அந்த ஓட்டத்தில் தொடர்ச்சியாக 41 வெற்றிகள். 2015 ஏப்ரலில் உலகின் முதல் இடத்துக்கு வந்தவர், மொத்தம் 91 வாரங்கள் அங்கே இருந்தார். மூன்று பெண்கள் இரட்டையர், மூன்று கலப்பு இரட்டையர் என்று ஆறு கிராண்ட்ஸ்லாம், 43 டபிள்யூ.டி.ஏ. இரட்டையர் பட்டங்கள். மணிக்கட்டு கைவிட்ட ஒருவர், தன்னிடம் மிச்சமிருப்பது எது என்று கணக்குப் பார்த்து, அதைக்கொண்டு அடுத்த பத்தாண்டுகளைக் கட்டினார். விளையாட்டில் இதைவிடப் பெரிய புத்திசாலித்தனம் எது?

ஆட்டத்துக்கு வெளியே நடந்ததை நீட்டிச் சொல்ல விருப்பமில்லை. குட்டைப் பாவாடைக்கு மதத்தின் பேரில் எதிர்ப்பு, தேசியக் கொடி அருகே கால் நீட்டியிருந்த ஒரு புகைப்படத்துக்கு வழக்கு, தெலங்கானாவின் தூதராக நியமித்தபோது ‘பாகிஸ்தான் மருமகள்’ என்ற ஏச்சு. 2012 லண்டன் ஒலிம்பிக்குக்கு ஜோடி சேர்ப்பதில் ஆண்கள் இருவருக்குள் சண்டை. அதைத் தீர்க்கத் தன்னைத் தூண்டில் இரையாகப் பயன்படுத்தினார்கள் என்று சானியா வெளிப்படையாகவே எழுதினார். 2016-ல் ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில் ‘எப்போது செட்டில் ஆகப்போகிறீர்கள்?’ என்று கேட்டவரிடம், உலகின் முதலிடத்தில் இருப்பது செட்டில் ஆவதில்லையா என்று திருப்பிக் கேட்டார். பேட்டி எடுத்தவர் அங்கேயே மன்னிப்புக் கேட்டார் என்பதையும் சொல்ல வேண்டும். நம்மில் பலருக்கு அது தோன்றுவதே இல்லை.

2018 அக்டோபரில் மகன் பிறந்தான். 2020 ஜனவரியில் திரும்பி வந்து ஆடிய முதல் போட்டியிலேயே, ஹோபார்ட்டில், உக்ரைனின் நாடியா கிச்சனோக்குடன் பட்டம். இதில் தனிமனித வீரம் மட்டுமல்ல, ஒரு விதியின் பங்கும் இருக்கிறது. மகப்பேற்றுக்காக விலகியவர்கள் தம் பழைய தரவரிசையை வைத்துக் குறிப்பிட்ட எண்ணிக்கைப் போட்டிகளில் நுழையலாம் என்று டபிள்யூ.டி.ஏ. விதி சொல்கிறது; 2018 இறுதியில் அந்தச் சலுகைக் காலத்தைக் குழந்தை பிறந்ததிலிருந்து மூன்று ஆண்டுகள்வரை நீட்டினார்கள். டோக்கியோ ஒலிம்பிக்கில் சானியாவும் அங்கிதா ரெய்னாவும் இடம்பெற்றது சானியாவின் பாதுகாக்கப்பட்ட பழைய தரவரிசையால்தான். 2025 முதல் ஊதியத்துடன்கூடிய மகப்பேற்று விடுப்புக்கும் டபிள்யூ.டி.ஏ. ஏற்பாடு செய்திருக்கிறது. விதி மாறினால் வாழ்க்கை நீள்கிறது. 2023 பிப்ரவரியில் துபாயில் கடைசியாக ஆடியபோது சானியாவுக்கு 36 வயது. அதற்கு ஒரு மாதம் முன்பு ஆஸ்திரேலிய ஓப்பன் கலப்பு இரட்டையரில் ரோகன் போபண்ணாவுடன் இறுதியாட்டம்வரை வந்திருந்தார்.

ஹைதராபாத்தில் மாட்டுச் சாணம் மெழுகிய தரையில் ஆடக் கற்றவர் அவர். ஆறு வயதில் கூட்டிப்போனபோது, ‘இவ்வளவு சின்னப் பிள்ளைக்கு முடியாது’ என்று பயிற்சியாளர் முதலில் மறுத்திருக்கிறார். அந்தத் தரையிலிருந்து விம்பிள்டன்வரை ஒரு கோடு போட்டு, ‘மன உறுதி இருந்தால் போதும்’ என்று பள்ளி ஆண்டுவிழாக்களில் பேசுகிறோம். போதாது. அப்பா இம்ரான் மிர்சா தானே பயிற்சியாளராகி மகளோடு அலைந்தார். பதின்ம வயதிலேயே ஜி.வி.கே. குழுமத்தின் பணம் வந்தது. 2003-ல் ஆப்பிரிக்க - ஆசிய விளையாட்டுப் போட்டியும் ஹைதராபாத்திலேயே நடந்து, அதில் நான்கு தங்கம் வென்றார். மூன்று வருடம் தொடர்ந்து ஒரு டபிள்யூ.டி.ஏ. போட்டி வீட்டு வாசலுக்கு வந்தது. ஒரு நகரம் ஒரு சிறுமிக்கு இவ்வளவையும் ஒரே நேரத்தில் தந்தது தற்செயல். அந்தத் தற்செயலைத் திட்டமாக மாற்ற வேண்டியவர்கள் மாற்றவில்லை. 2006-ல் போட்டி பெங்களூருக்குப் போனது. 2008-ல் செரீனா வில்லியம்ஸ் அங்கே வென்றதோடு அதுவும் நின்றது. அதற்குப் பிறகு 14 ஆண்டுகள் இந்தியாவில் அந்தத் தரத்துப் பெண்கள் போட்டியே நடக்கவில்லை. 2005-ல் சானியாவைத் தொலைக்காட்சியில் பார்த்து ராக்கெட் பிடித்த ஆறு வயதுச் சிறுமிகளின் பருவம் முழுவதும் அந்த இடைவெளிக்குள் கரைந்துபோனது.

அந்த 14 ஆண்டுகளை உடைத்தது சென்னைதான், 2022-ல். பாராட்ட வேண்டும். ஆனால் கணக்கையும் பார்க்க வேண்டும். 1995 தெற்காசிய விளையாட்டுப் போட்டிக்காகக் கட்டிய நுங்கம்பாக்கம் டென்னிஸ் அரங்கில், 1997 முதல் 2017 வரை ஒரு வருடம்கூட விடாமல் ஆண்களுக்கான ஏ.டி.பி. போட்டி நடந்தது. 21 வருடங்கள். அதே அரங்கில் பெண்களுக்கான டபிள்யூ.டி.ஏ. போட்டி 2022-ல் நடந்தது. பிறகு 2025-ல்தான் நடந்தது. நடுவில் 2023, 2024 இரண்டிலும், ஏ.டி.பி. போட்டிக்கு ஒரு படி கீழான ஆண்களுக்கான சேலஞ்சர் போட்டி மட்டும் தவறாமல் நடந்தது. 2024 சேலஞ்சரை வென்றுதான் சுமித் நாகல் முதல் முறையாக உலகின் முதல் நூறுக்குள் நுழைந்தார். சொந்த நாட்டில் போட்டி நடந்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

ஒரு மறுப்பு எழும், நியாயமான மறுப்புதான். 21 வருட ஏ.டி.பி. போட்டி எத்தனை தமிழர்களை உருவாக்கியது? பிரஜ்னேஷ் குணேஸ்வரன் 75 வரை போனார், ராம்குமார் ராமநாதன் நூறின் விளிம்புவரை வந்தார். பெரிய அறுவடை என்று சொல்ல முடியாது. வருடத்துக்கு ஒரு வாரம் வெளிநாட்டு நட்சத்திரங்கள் வந்து ஆடிப் போவதைப் பார்த்து யாரும் ஆட்டக்காரர் ஆகிவிடுவதில்லை. உண்மை. உச்சிப் படியை மட்டும் கட்டிவிட்டுக் கீழ்ப் படிகளைக் கட்டாமல் விட்டால் அப்படித்தான் ஆகும். கீழ்ப் படிகளைக் கட்டச் செலவும் குறைவு என்பதுதான் வேடிக்கை.

2025 நுங்கம்பாக்கத்தில் கோப்பையைத் தூக்கியவர் யார் என்று கவனித்தோமா? இந்தோனேசியாவின் ஜேனிஸ் ஜென். டென்னிஸ் வல்லரசு என்று இந்தோனேசியாவை யாரும் சொல்லமாட்டார்கள். அமெரிக்காவில் ஒரேகான், பெப்பர்டைன் பல்கலைக்கழகங்களில் படித்துக்கொண்டே கல்லூரி டென்னிஸ் ஆடினார். 2024-ல் படிப்பை முடித்துவிட்டு முழுநேரம் இறங்கியவர், மேலே சொன்ன அந்த டபிள்யூ15, டபிள்யூ35 போட்டிகளை ஒன்றன்பின் ஒன்றாக வென்றார். 2025 அமெரிக்க ஓப்பனில் தகுதிச் சுற்று தாண்டி வந்து, முதல் சுற்றில் வெரோனிகா குதெர்மெத்தோவாவை வென்றார். இரண்டே மாதம் கழித்துச் சென்னையில் பட்டம். 23 வயது. பட்டம் வென்ற பெண்ணைப் படம் பிடித்துப் போட்டோம். அவர் ஏறி வந்த வழியை யாரும் எழுதவில்லை.

இந்த வழி நமக்குத்தான் அதிகம் பொருந்தும். தமிழ்நாட்டில் பெண் பிள்ளை டென்னிஸை விடும் வயது எல்லோருக்கும் தெரியும். பத்தாம் வகுப்பில் முதல் தயக்கம், பன்னிரண்டாம் வகுப்பில் முற்றுப்புள்ளி. விளையாட்டு ஒதுக்கீட்டில் பொறியியல் சீட்டு வாங்குவதற்கு மாநிலச் சான்றிதழ் எத்தனை வேண்டும் என்று கேட்டு, அது சேர்ந்ததும் ராக்கெட்டை மேலே எடுத்து வைக்கும் வீடுகள் ஏராளம். பெற்றோரைக் குறை சொல்ல மாட்டேன். ஒரு பக்கம் உறுதியான சீட்டு, இன்னொரு பக்கம் துனிசியா டிக்கெட். யாராக இருந்தாலும் சீட்டைத்தான் எடுப்பார்கள். கல்லூரியில் சேர்ந்தபின் ஆட்டம் தொடர்வதற்கு நம் பல்கலைக்கழகங்களில் வழியிருந்தால், ஈரோட்டுக்கும் மதுரைக்கும் சர்வதேசப் புள்ளி தரும் போட்டி வந்தால், அந்த வீடுகளின் முடிவும் மாறும்.

திறமை இல்லாமல் இல்லை. 2025 பிப்ரவரியில் மும்பை ஓப்பன் டபிள்யூ.டி.ஏ. 125 போட்டியில் அரையிறுதிவரை வந்த கோவைப் பெண் மாயா ராஜேஸ்வரனுக்கு அப்போது 15 வயது. அவர் ஸ்பெயினில் ரஃபேல் நடாலின் அகாடமியில் பயிற்சி பெறுகிறார் என்று பெருமையாக எழுதுகிறோம். கோவையில் ஏன் பெற முடியவில்லை என்று கேட்க மறக்கிறோம். ஸ்பெயின் போக முடியாத மற்ற மாயாக்களும் அந்த ஊரில் இருக்கத்தான் செய்வார்கள்.

தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையமும் தமிழ்நாடு டென்னிஸ் சங்கமும் செய்யக்கூடியது தெளிவானது. நுங்கம்பாக்கம் பெண்கள் போட்டியை ஒவ்வொரு வருடமும் ஒரே வாரத்தில் நடத்துவதாக, குறைந்தது ஐந்து வருடங்களுக்கான தேதிகளை இப்போதே அறிவிக்க வேண்டும். அதற்கு முந்தைய இரண்டு மாதங்களில் கோவை, மதுரை, திருச்சி, சேலம் ஆகிய ஊர்களில் பெண்களுக்கான டபிள்யூ15, டபிள்யூ35 போட்டிகளை வரிசையாக வைக்க வேண்டும். அவற்றில் நன்றாக ஆடும் உள்ளூர்ப் பெண்ணுக்கு நுங்கம்பாக்கத்தின் ஒரு வைல்டு கார்டு என்று விதி எழுதி வைக்க வேண்டும். அந்தப் பெண் முதல் வருடம் முதல் சுற்றில் தோற்பாள். இரண்டாம் வருடமும் தோற்கலாம். மூன்றாம் வருடமும் போட்டி நடக்க வேண்டும்.